சாம்பிளுக்குப் பொட்டு வைத்தவள்

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. இது ஊருக்கே தெரியும். முடிச்சூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வருகிறவரைக் கேட்டால்கூடச் சொல்வார். ஆனால் சந்தோஷம் வந்தால் அதைவிட மோசம் என்பது சில பேருக்குத்தான் தெரியும். கோபத்தில் செய்த முட்டாள்தனங்களுக்கு மன்னிப்புக் கேட்டு எப்படியோ சமாளித்திருக்கிறேன். சந்தோஷத்தில் செய்தது ஒன்றே ஒன்று. அதற்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்துவிட்டார்கள்.

என் பெயர் தேன்மொழி. (சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே போகலாம்.) அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. மெக்கானிக்கல் படித்துவிட்டு, தாம்பரம் சானடோரியம் பக்கம் இரும்பைச் சோதிக்கிற ஒரு சின்ன லேபில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தப்பில்லாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். இன்னும் ஒரே மாதம்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்த காலம் அது.

இரும்பை உடைப்பதுதான் என் வேலை. இழுத்து இழுத்து மெதுவாக உடைக்கிற மெஷின் வேறு, அதை விடுங்கள். என்னுடையது ஒரே அடி. ஆளுயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம். அதில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற பெரிய சுத்தியல். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டைக் கீழே வைத்து, மேலே ஏற்றிய சுத்தியலை விட்டால், அது சர்ரென்று இறங்கித் துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். துண்டு சோப்ளாங்கியாக இருந்தால் சுத்தியல் ஜாலியாக உயரப் போகும். துண்டு போராடியிருந்தால் சுத்தியல் களைத்துப்போய்ப் பாதியிலேயே திரும்பிவிடும். எவ்வளவு போராடியது என்பதை டயல் ஜூல் கணக்கில் காட்டும். நிறைய ஜூல் என்றால் நல்ல இரும்பு. அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயம் உண்டு. துண்டின் நடுவில் V மாதிரி ஒரு சின்ன வெட்டுப் போட்டிருப்போம். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் இருக்கிற வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பல்லால் கடித்தாலும் பாக்கெட் கிழியாது. அது இருந்தால் ஒரே இழுப்பு. விரிசலுக்கு அப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, இப்போது தாங்கு பார்க்கலாம் என்று கேட்பதுதான் இந்தச் சோதனை. ஆகவே சுத்தியல் வெட்டுக்கு நேர் பின்னால், துண்டின் முதுகில் அடிக்க வேண்டும். அப்போதுதான் வெட்டு வாயைப் பிளக்கும். துண்டைத் திருப்பி வைத்து வெட்டின் பக்கமே அடித்தால் வெட்டு மூடிக்கொள்ளும், துண்டு உடையாமல் வளையும், டயல் வாய்க்கு வந்ததை உளறும்.

குளிரில் சோதிப்பது இன்னும் அவசரம். மைனஸ் இருபது டிகிரியில் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருக்கிற துண்டை இடுக்கியால் எடுத்து, மெஷினில் வைத்து, சுத்தியலை விட மொத்தம் ஐந்து விநாடி. அதற்கு மேல் போனால் துண்டின் குளிர் போய்விடும். ஐந்து விநாடியில் எது வெட்டு, எது முதுகு என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எங்கள் லேபில் ஒரு வழக்கம். துண்டின் முதுகில் சிவப்பு பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துவிடுவோம். சிவப்புப் புள்ளி சுத்தியலைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரியை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

இனி ஏழுமலை அண்ணன். வேங்கைவாசல்காரர். அவர் குடும்பத்து வயல்களில் இப்போது அபார்ட்மெண்ட்கள் நிற்கின்றன. மிஞ்சிய துண்டு நிலத்தில் ஷெட் போட்டு, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்துக் கொக்கி செய்கிறார். பாரம் தூக்குகிற கொக்கி. மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் குளிர்கிடங்குக்குக் கொக்கி செய்து தர அவருக்கு ஆர்டர் வந்திருந்தது. குளிரில் இரும்பின் குணம் மாறும். வெயிலில் டன் கணக்கில் தாங்குகிற கொக்கி, குளிர்கிடங்கில் ஒரு குலுக்கலுக்கு பிஸ்கெட் மாதிரி உடையலாம். கீழே நிற்பவன் அண்ணாந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. அதனால் மைனஸ் இருபதில் குறைந்தது இருபத்தேழு ஜூல் தாங்க வேண்டும் என்று அந்தக் கம்பெனி கேட்டிருந்தது. அண்ணனின் முதல் சரக்கு பதினான்கு காட்டியது. இரண்டாவது சரக்கு பதினொன்று.

எனக்கு நயமாகப் பேச வராது. "அண்ணா, இது கொக்கி இல்ல, முறுக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன்.

மூன்றாவது சரக்கின் இரும்பை அவர் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நாங்களே அதை அளவாகக் கடைந்து, வெட்டுப் போட்டு, ஆறு துண்டுகளாக்கி வைத்திருந்தோம். மூன்று சோதனைக்கு, மூன்று கைவசம். மெஷினை ஓட்டுகிற கன்னியப்பன் அண்ணன் ஆறின் முதுகிலும் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நடுவில் ஆயுத பூஜை வந்தது. நடுவில் நானும் வந்தேன்.

ஆயுத பூஜை அன்று காலையிலிருந்தே நான் லேபைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுத்தம் பிடிக்கும். அடுத்தவர்கள் சுத்தமாக இல்லை என்று கத்துவது அதைவிடப் பிடிக்கும். தின்னரில் நனைத்த துணியால் மெஷினைத் தேய்த்தேன், மேஜையைத் தேய்த்தேன், ஸ்பானர்களைத் தேய்த்தேன். பூஜைத் தட்டில் ஏழுமலை அண்ணனின் ஆறு துண்டுகளும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தன. சாமிக்கு முன்னால் பிசுக்கா? அவற்றையும் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. (ஆமாம், புள்ளிகளும் போய்விட்டன. அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. சிவப்பாக ஏதோ அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்ததாகக்கூட ஞாபகம்.)

பூஜை நேரத்துக்கு ஏழுமலை அண்ணன் ஒரு பை நிறையப் பொரியோடு வந்து நின்றார். மனுஷன் தூங்கி நான்கு நாள் இருக்கும். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"மேடம், இந்தத் தபா சூடு போடுற மொறயவே மாத்திட்டேன். காய்ச்சுன இரும்ப முக்குற எண்ணெயும் மாத்திட்டேன். ஃபர்னஸ்கிட்ட நானே ரெண்டு நாளு குந்திகினு இருந்தேன்."

"சரிண்ணா. நாளைக்குத் தெரிஞ்சிடும்."

"நாளிக்கு மூணு மணிக்கு அந்தக் கம்பெனி லாரி வருது. நம்பர் சரியா இருந்தா ஏத்திகினு போவாங்கோ. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்னுட்டாங்கோ." குரலைத் தாழ்த்தினார். "அப்பால ஷெட்ட மூடிட்டு நானும் எதுனா ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேனா குந்த வேண்டியதான். எங்க வூட்டு நெலத்துலயே."

நான் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். (நானும் போடுவேன். யாரும் நம்புவதில்லை.) அவர் தட்டைக் காட்டினார்.

"அதுங்களுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுங்க மேடம். ரெண்டு தபா தோத்துப்போன பசங்கோ."

வைத்தேன். சந்தனம் வழவழப்பான இரும்பில் நிற்கவில்லை. வைக்க வைக்க வழுக்கியது. ஆனால் அந்த V வெட்டுக்குள் வைத்து அழுத்தினால் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஆறு வெட்டையும் சந்தனத்தால் அடைத்து, மேலே தண்ணீரில் குழைத்த குங்குமத்தை வட்டமாக வைத்தேன். ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு போட்டேன்.

லேப் முதலாளி சம்பத் சார் புறப்படும்போது தெளிவாகச் சொன்னார். மூன்று முறை மூக்குக் கண்ணாடியைத் துடைத்த பிறகே வாயைத் திறக்கிற மனிதர். "தேன்மொழி, நாளைக்குக் கன்னியப்பன் வந்தப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டுங்க. நான் நாலு மணிக்கு வந்து பார்த்துட்டு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது." இதில் இருந்த இரண்டு கட்டளைகளில் ஒன்றைக்கூட நான் விட்டு வைக்கவில்லை. இரண்டையும் மீறினேன்.

மறுநாள் விஜயதசமி. கன்னியப்பன் அண்ணன் குடும்பத்தோடு திருநீர்மலை ஏறப் போயிருந்தார், ஒரு மணிக்குத்தான் வருவார். ஏழுமலை அண்ணனோ ஒன்பது மணிக்கே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். பத்து மணிக்கு என் பொறுமை தீர்ந்தது. நல்ல நாளும் அதுவுமாக மெஷினை மத்தியானம் வரைக்கும் பட்டினி போடுவதா? கன்னியப்பன் அண்ணனுக்கு மட்டும்தான் சுத்தியலை விடத் தெரியுமா? நான் என்ன, அங்கே பொரி பொறுக்கவா சேர்ந்தேன்?

முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அடித்தேன். புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்களே, அது மாதிரி எங்கள் மெஷினுக்கும் உண்டு. சாறு என் மூக்குக் கண்ணாடி வரைக்கும் தெறித்தது. நல்ல சகுனம் என்று துடைத்துக்கொண்டேன்.

மூன்று துண்டுகளைக் குளிர்ந்த ஸ்பிரிட்டில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பிரிட் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு சாதாரண மனுஷி அங்கே நின்று யோசித்திருப்பாள். நான், 'அட, அழகாக இருக்கிறதே' என்று நினைத்தேன்.

இடுக்கியால் முதல் துண்டை எடுத்தேன். ஒன்று. பாதி கரைந்தும் கரையாமலும் சிவப்பு வட்டம் கண்ணில் பட்டது. இரண்டு. சிவப்புப் புள்ளி சுத்தியலைப் பார்க்க வேண்டும். மூன்று. வைத்தேன். நான்கு. விட்டேன்.

தட்!

வழக்கமாக 'டங்' என்று கேட்கும். இது 'தட்'. சுத்தியல் சுவரில் முட்டிக்கொண்ட மாடு மாதிரி திணறி, மறுபக்கம் கொஞ்சம்தான் ஏறியது. டயலைப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தாறு.

இருபத்தேழு வேண்டிய இடத்தில் இருநூற்று முப்பத்தாறு!

இரண்டாவது துண்டு, இருநூற்று நாற்பத்து மூன்று. மூன்றாவது, இருநூற்று நாற்பத்தொன்று. சராசரி இருநூற்று நாற்பது. துண்டுகள் உடையவே இல்லை. லாடம் மாதிரி வளைந்து, மெஷினைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டுக்குள் கிடந்தன. பத்து மடங்கு அதிகமாக எதைப் பார்த்தாலும் சந்தேகப்படு என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை போல.

"அண்ணா!" என்று நான் கத்திய கத்தலில் அவர் பெஞ்சோடு சாய்ந்தார். "இருநூத்தி நாப்பதுண்ணா! உடையவே இல்லண்ணா! வளைஞ்சு குடுத்துட்டு நிக்குதுண்ணா!"

"இன்னா மேடம் சொல்றீங்கோ? இருவத்தி நாலா?"

"இருநூ... த்தி... நாப்பது!"

அவர் முதலில் மெஷினைக் கும்பிட்டார். பிறகு என்னைக் கும்பிட்டார். பிறகு வாசலில் போய் நின்று, யாரும் அடிக்காத மேளத்துக்கு ஒரு ஆட்டம் ஆடினார். ஐம்பது வயது மனுஷன். நானும் கையைத் தட்டினேன். டயலை ஃபோட்டோ எடுத்து நானே அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அவர் அதை அங்கேயே நின்று மீன் கம்பெனிக்கு அனுப்பினார். கையெழுத்து சாயங்காலம் வரட்டும், லாரியை அனுப்புகிறோம் என்று அவர்கள் பதில் போட்டார்கள்.

அவர் போன பிறகு நான் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "அம்மா, நம்ம ஏரியாவுல ஒரு அதிசய இரும்பு கண்டுபிடிச்சிருக்கோம்மா!" அம்மா, "வரும்போது வாழைப்பூ வாங்கிட்டு வா" என்றார். வீட்டில் விஞ்ஞானத்துக்கு எப்போதும் இந்த மரியாதைதான்.

ஒரு மணிக்குக் கன்னியப்பன் அண்ணன் நெற்றியில் திருமண்ணோடு வந்தார். ஏழுமலை அண்ணன் கொடுத்தனுப்பிய மைசூர்பாகு மேஜை மேல் இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, வளைந்த சாம்பிளில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இன்னா தேனு, தனியாவே கச்சேரி வெச்சிட்டியா?"

"இருநூத்தி நாப்பதுண்ணா. வயிறு எரியுதா?"

வளைவின் உட்புறத்தில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"தேனு, ஒடையுற பீஸு வாயத் தொறக்கணும். இது இன்னா, வாய மூடிகினு கீது?"

"அப்படின்னா?"

"அப்படின்னா, நீ இத்த மூஞ்சிலயே அடிச்சிருக்க. முதுவுல அடிக்கல."

இங்கே நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். உடனே நான் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் சண்டை போட்டேன். "உங்களுக்குப் பொறாமை" என்றேன். "நீங்க இல்லாம ஓட்டிட்டேன்னு கடுப்பு" என்றேன். "சிவப்புப் புள்ளி சுத்தியலப் பார்த்துதான் வெச்சேன், நான் என்ன கபோதியா?" என்று கத்தினேன். அவர் தட்டில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து, குங்குமப் பொட்டு வைத்த பக்கத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார். துணியால் ஒரு துடை துடைத்தார்.

பொட்டுக்கு அடியில் வெட்டு இருந்தது.

"பெயிண்டு எங்க போச்சு?" என்று கேட்டார்.

தின்னர் வாசனை இன்னும் என் கையில் இருந்தது.

அடுத்த விநாடி எனக்கு நினைவுக்கு வந்தது என் வேலை இல்லை. நம்பினால் நம்புங்கள். குளிர்கிடங்கில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு கொக்கிக்குக் கீழே நிற்கிற, முகம் தெரியாத ஒரு ஆள்தான் வந்தார். மணி ஒன்றரை. மூன்று மணிக்கு லாரி. ஏழுமலை அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. ஏழு முறை போட்டேன். எடுக்கவில்லை.

"ஏறுங்கண்ணா" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

"நீ ஓட்டுறியா? நான் இப்பதான் மலேலேர்ந்து எறங்கி வந்தேன் தேனு. பெருமாள் ஒரு தபாதான் காப்பாத்துவாரு."

விஜயதசமியில் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? வாழைக்கன்று கட்டிய பஸ், மாலை போட்ட ஆட்டோ, சந்தனம் பூசிய தண்ணீர் லாரி. எல்லாருக்கும் பண்டிகை. எனக்கு மட்டும் கொலைகாரி மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாரையும் திட்டிக்கொண்டே போனேன். கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டியதும் ஒரு கடை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றை நடுரோட்டில் உடைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே குங்குமம் கொட்டிய பூசணிக்காய். அதன் மேல் என் முன்சக்கரம் ஏறியது.

என் முழங்கால் திடீர் அடியை எத்தனை ஜூல் தாங்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதிகமில்லை. கன்னியப்பன் அண்ணன் எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தார், வளைந்த மூன்று துண்டுகளையும் மார்போடு அணைத்தபடி.

"சாம்பிளுக்கு ஒண்ணியும் ஆவல" என்றார். "எனுக்குத்தான் பேஜாரு."

உடம்பெல்லாம் பூசணிச் சதை, சுடிதாரெல்லாம் குங்குமச் சிவப்பு. அப்படியே மறுபடி வண்டியில் ஏறினோம்.

ஷெட் இருக்கிற தெருமுனையில் திரும்பியதும் பிரேக் போட்டேன். பத்தடி உயரத்துக்கு நான் நின்றிருந்தேன்.

ஃப்ளெக்ஸ். ஏழுமலை அண்ணனின் மச்சான் மேடவாக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் வாட்ஸ்அப் படத்தை எடுத்திருந்தார்கள். அது நான் கடற்கரையில் வாயைப் பிளந்து பஞ்சுமிட்டாய் தின்கிற படம். பஞ்சுமிட்டாயை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுக் கையில் ஒரு சுத்தியலைச் செருகியிருந்தார்கள். சுத்தியலைத் தின்னப் போகிறவள் மாதிரி நான் மேலே நின்றேன். அதற்குக் கீழே, "240 ஜூல் கண்ட வீராங்கனை தேன்மொழி அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்."

கன்னியப்பன் அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "ஷோக்கா கீற" என்றார்.

ஷெட் வாசலில் பறை மேளம் காதைக் கிழித்தது. ஃபோன் ஏன் எடுக்கவில்லை என்று புரிந்தது. லாரி சீக்கிரமே வந்து நின்றிருந்தது, பாதி கொக்கிகளை ஏற்றியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் ஏழுமலை அண்ணன் ஆடிக்கொண்டே மாலையோடு ஓடி வந்தவர், என் கோலத்தைப் பார்த்து அலறிவிட்டார். "ஐயோ மேடம், ரத்தம்!"

"பூசணிக்காய்ண்ணா! லாரிய நிறுத்துங்க!"

யாருக்கும் காது கேட்கவில்லை. லோடு ஏற்றுகிறவர்கள் அடுத்த பெட்டியைத் தூக்கினார்கள். வேறு வழி தெரியவில்லை. நொண்டிக்கொண்டே லாரியின் பின்பக்கம் ஏறி, கொக்கிப் பெட்டி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் பிறவிக் குரலை விட்டேன். "நான் போட்ட டெஸ்ட் தப்பு!"

மேளம் நின்றது.

"அந்த நம்பர் பொய். துண்ட திருப்பி வெச்சு அடிச்சிட்டேன். தப்பு என்னோடது. இந்தக் கொக்கி நல்லதா கெட்டதான்னு எனக்கு இப்ப தெரியாது. தெரியாம இது போகக் கூடாது. நான் இறங்க மாட்டேன்."

ஏழுமலை அண்ணன் கையில் மாலையோடு அப்படியே நின்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டித் தப்பித்திருப்பேன். அவர் திட்டவில்லை. "நெஜமாவா மேடம்?" என்று மட்டும் கேட்டார். சின்னக் குரலில்.

மீன் கம்பெனியிலிருந்து வந்தவர் இன் செய்த சட்டைக்காரர், அதுவரை ஒரு ஓரமாக நின்றிருந்தார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஃப்ளெக்ஸை ஒரு முறை பார்த்தார். "வேற சாம்பிள் இருக்கா?" என்றார்.

"மூணு இருக்கு."

"ஆறு மணி வரைக்கும் லாரி நிக்கும். நானும் வரேன். என் கண் முன்னால பண்ணுங்க."

நான்கு மணிக்கு சம்பத் சார் வந்தபோது லேபில் அவருக்காகக் காத்திருந்த காட்சி இது: பூசணிக்காய் பூசிய நான், நொண்டுகிற கன்னியப்பன் அண்ணன், இன் செய்த சட்டைக்காரர், கையிலிருந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாத ஏழுமலை அண்ணன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியை ஐந்து முறை துடைத்தார். "கன்னியப்பன், நீங்க ஓட்டுங்க" என்றார்.

"வேணாம் சார்." ஏழுமலை அண்ணன்தான். "மேடமே ஓட்டட்டும். ஊரே பாக்கச் சொல்லோ லாரி மேல ஏறி, நான்தான் தப்புன்னாங்கோ. அந்தக் கைதான் வோணும் எனுக்கு."

மூன்று துண்டையும் குழாயில் கழுவி, ஒவ்வொன்றின் வெட்டையும் நகத்தால் தடவிப் பார்த்து, முதுகில் நானே பெயிண்ட் புள்ளி வைத்துக் காயவிட்டேன். புது ஸ்பிரிட். இடுக்கியால் முதல் துண்டை எடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. விட்டேன்.

டங்!

இரண்டாக உடைந்து கூண்டில் விழுந்தது. டயலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கன்னியப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"முப்பத்தி எட்டு."

இரண்டாவது நாற்பத்தொன்று. மூன்றாவது நாற்பத்தொன்று. சராசரி நாற்பது. இருபத்தேழு போதும் என்ற இடத்தில் நாற்பது! உண்மையான நாற்பது, வாயைப் பிளந்து உடைந்த நாற்பது. ஏழுமலை அண்ணன் இந்த முறை ஆடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் வெளியே போய், வாசலில் தப்பாக நிறுத்தியிருந்த ஒரு ஆட்டோக்காரரைக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு வந்தேன். எனக்கு அழத் தெரியாத நேரங்களில் அப்படித்தான்.

லாரி ஆறு மணிக்குக் கிளம்பியது. எனக்கு வேலை போகவில்லை. நிரந்தரம் மட்டும் இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போனது. 'சாம்பிளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது' என்று சம்பத் சார் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டிய அட்டை இன்றைக்கும் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்கிறார்கள். கன்னியப்பன் அண்ணன் சலிக்காமல், ஒவ்வொரு முறையும் இன்னொரு பூசணிக்காயைச் சேர்த்துச் சொல்கிறார்.

ஏழுமலை அண்ணனுக்கு ஃப்ளெக்ஸைக் கழற்ற மனசு வரவில்லை. மச்சானைக் கூப்பிட்டு, 240-இல் இருந்த 2-ஐ மட்டும் வெள்ளை பெயிண்டால் அடித்துவிட்டு ஒரு வாரம் வைத்திருந்தார். அந்தப் பக்கம் போன எங்கள் சொந்தக்காரர் ஒருவர், தேன்மொழிக்கு நாற்பது வயது ஆகிவிட்டதா, ஊரே கொண்டாடுகிறதே என்று அம்மாவிடம் கேட்டுவிட்டார். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஏழுமலை அண்ணனே அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து தந்தார். நல்ல கெட்டித் துணி. இன்றைக்கு வரை எங்கள் பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் போர்வை அதுதான். மழை வந்தால் என் வாயில்தான் தண்ணீர் தேங்கும்.

வளைந்த துண்டுகளில் ஒன்று டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் யாரையாவது பார்த்துக் கத்தத் தொடங்கினால், ஏழு வயது மகள் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். "அம்மா, வெட்டு எந்தப் பக்கம்னு பாத்தியா?" சொல்லிக் கொடுத்தது என் கணவர்தான். அவரை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

போன வாரம்கூட, மூன்று நாளாக வராத தண்ணீர் லாரி வந்ததும் படியிறங்கிப் போய் அந்த டிரைவரைக் கால்மணி நேரம் கிழித்தேன். மகள் துண்டோடு பின்னாலேயே வந்து நின்றாள். கேட்டாள்.

நிறுத்தினேன். பார்த்தேன். அது எங்கள் லாரியே இல்லை. பக்கத்துத் தெருவுக்கு வந்த லாரி.